முறுக்குக் கடை வெப்சைட்டும் செம்பூர் மாமியும்

தாராவியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவும் சித்தப்பாவும் முப்பது வருஷமாக முறுக்கு, தட்டை, அதிரசம் போட்டுக் கடைகளுக்குச் சப்ளை செய்கிறார்கள். வீடுகளுக்கும் நேரடியாக விற்கலாமே என்று போன வருஷம் ஒரு வெப்சைட் போட்டிருக்கிறார்கள். "பார்க்க அம்சமா இருக்கு அண்ணாச்சி. தினம் நூறு பேர் வர்றாங்க, ஆர்டர் ரெண்டைத் தாண்ட மாட்டேங்குது. நல்ல வெப் டிசைனுக்கு என்னென்ன விதி? கலரை மாத்தினா சரியாகுமா?" இதுதான் கேள்வி.

கலர் அப்புறம், தம்பி. மும்பையில் பதினெட்டு வருஷமாக இந்த வேலைதான் பார்க்கிறேன். பச்சை பட்டனைச் சிவப்பாக்கியதால் ஓடாத கடை ஓடியது என்று ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. விதிகள் இருக்கின்றன, சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்கள் சைட்டில் எனக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் வேண்டுமென்றேதான் திறக்கவில்லை. செம்பூரிலிருந்து ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில் வந்து குர்லாவில் வண்டி மாறும்போது, ஒரு கையில் பை, மறு கையில் நாலு வருஷப் பழைய போன் என்று நின்றுகொண்டு திறந்தேன். உங்களிடம் வாங்கப்போகிறவர் அப்படித்தான் திறப்பார். முதலில் வெள்ளைத் திரை. எண்ணெயில் முறுக்கு பொரிகிற வீடியோ மெதுவாக ஓடத் தொடங்கியபோது என் வண்டி வந்துவிட்டது. ஏறி, இடிபட்டு, ஒரு ஓரமாக நின்று மறுபடி பார்த்தேன். "ஆர்டர் செய்ய" என்ற பட்டன் வந்திருந்தது. கட்டைவிரலைக் கொண்டுபோகிறேன், அந்த நொடியில் மேலேயிருந்து "தீபாவளிச் சலுகை" என்று ஒரு பட்டை இறங்கி, பக்கம் முழுவதையும் கீழே தள்ளியது. விரல் விழுந்த இடத்தில் இருந்தது "எங்கள் பாரம்பரியம்". உங்கள் தாத்தாவின் படம் திறந்தது. தாத்தாவுக்கு வணக்கம், ஆனால் நான் தேடி வந்தது தட்டை.

சைட் வேகத்தை அளக்க கூகுள் 2020இல் மூன்று அளவுகோல்களை அறிவித்தது. திரையில் இருப்பதிலேயே பெரிய படமோ எழுத்துப் பகுதியோ 2.5 நொடிக்குள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது ஒன்று. லோட் ஆகும்போது பக்கம் எவ்வளவு குதிக்கிறது என்பதற்கு ஒரு எண் உண்டு, அது 0.1ஐத் தாண்டக் கூடாது என்பது இன்னொன்று. மூன்றாவது, தொட்டதும் பக்கம் அசைந்து கொடுக்கிற வேகம். 2024 மார்ச்சிலிருந்து அதற்கு 200 மில்லிநொடி வரம்பு. எனக்குத் தாத்தா தரிசனம் கிடைத்தது இரண்டாவது அளவுகோல் உடைந்ததால். சரிசெய்வது லேசு. படம், சலுகைப் பட்டை எல்லாவற்றுக்கும் அகலமும் உயரமும் கோடில் (சைட்டின் நிரலில்) முன்கூட்டியே எழுதிவைத்தால் பிரவுசர் அந்த இடத்தைக் காலியாகப் பிடித்துவைக்கும். பந்தியில் இலையைப் போட்டு இடம் பிடிப்பதுபோல. வருகிறவர் தாமதமாக வந்தாலும் மற்றவர் நகர வேண்டியதில்லை.

முதல் அளவுகோல் உடைந்ததற்குக் காரணம் உங்கள் படங்கள். கேமராவில் எடுத்ததை அப்படியே ஏற்றியிருக்கிறீர்கள், ஒவ்வொன்றும் 4 எம்பி. போன் திரைக்கு ஆயிரம் பிக்சல் அகலம் தாராளம். அந்த அளவுக்குச் சுருக்கி, வெப்பி (WebP) என்ற இணையத்துக்கான பட வடிவத்தில் போட்டால் 150 கேபிக்குள் வந்துவிடும். முறுக்கின் முள் அப்போதும் தெரியும். வீடியோவைத் தூக்கிவிடுங்கள். தட்டையின் சுவை அதில் தெரியப்போவதில்லை, டேட்டா மட்டும் தீரும்.

குர்லாவில் நின்றபோது தலைக்கு மேலே இண்டிகேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நீங்களும் தினம் பார்ப்பதுதான். வண்டி எங்கே போகிறது, ஸ்லோவா ஃபாஸ்ட்டா, எத்தனை நிமிஷம், 12 பெட்டியா 15 பெட்டியா. மராத்தி, இந்தி, ஆங்கிலம் என்று மாறி மாறி இதையேதான் காட்டும். ஓடிக்கொண்டே மேலே பார்க்கிறவனுக்கு இதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம், ஒரு சொல் குறைந்தால் தப்பு வண்டியில் ஏறிவிடுவான். உங்கள் முதல் பக்கத்தில் "சுவையின் பயணம்" என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. என்ன விற்கிறீர்கள், கிலோ என்ன விலை, என் ஏரியாவுக்கு வருமா, எந்தக் கிழமை வரும்? இந்த நாலுக்கும் பதில் ஸ்க்ரோல் செய்யாமல் கிடைக்க வேண்டும். இப்போது விலை மூன்றாவது பக்கத்தில் இருக்கிறது, டெலிவரி ஏரியா எங்குமே இல்லை.

அடுத்த சோதனையை ஞாயிற்றுக்கிழமை செய்தேன். பக்கத்து வீட்டு மாமிக்கு 66 வயது. வாட்ஸ்அப்பில் படுசுறுசுறுப்பு, கரண்ட் பில்லைத் தானே போனில் கட்டுகிறவர். போனைக் கையில் கொடுத்து, "மாமி, இதில் ஒரு கிலோ தட்டை ஆர்டர் பண்ணுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இந்த வேலையில் கஷ்டமான பகுதி அதுதான். "அதோ அந்த மூலையில" என்று நாக்கு துடிக்கும், சொல்லிவிட்டால் சோதனை கெட்டது.

மாமி முதலில் தட்டைப் படத்தைத் தொட்டார். ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் அழுத்தித் தொட்டார். "படம் மட்டுந்தான் போட்டிருக்காளா, சாமான் இல்லையா?" என்றார். படத்துக்குக் கீழே மெல்லிய கோட்டில் ஒரு கூடைப் படம் இருக்கிறதே, அதுதான் பட்டன். மாமிக்கு அது கோலம் மாதிரிப் பட்டிருக்கிறது. எப்படியோ மேலே மூன்று கோடு மெனுவைக் கண்டுபிடித்து, "ஷாப்" என்பதில் நுழைந்தார். தட்டை 250 கிராம் பொட்டலம். ஒரு கிலோவுக்கு நாலு வேண்டும், கூட்டல் குறியைத் தட்டினார். கூட்டலும் கழித்தலும் ஒட்டி ஒட்டி இருப்பதால் இரண்டு தடவை கழித்தல் விழுந்தது. ஒருவழியாக நாலு சேர்ந்து, "தொடர்க" தட்டினால் இமெயில் கேட்டது, பாஸ்வேர்டு கேட்டது, அதில் ஒரு பெரிய எழுத்தும் ஒரு குறியும் வேண்டும் என்றது. மாமி கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "தட்டை வாங்க எதுக்குப்பா பாஸ்வேர்டு? அவா நம்பர் இருந்தா குடு, நானே பேசிக்கறேன்."

நம்பரைத் தேடினேன். அடியில் ஒரு படத்துக்குள் பொறித்திருக்கிறீர்கள். தொட்டால் டயல் ஆகவில்லை, காப்பியும் ஆகவில்லை.

தினம் வரும் நூறு பேரில் தொண்ணூற்றெட்டு பேர் எங்கே போகிறார்கள் என்று இப்போது தெரிகிறதா? கலர் யாரையும் துரத்தவில்லை. மாமி வாங்கத்தான் வந்தார், கடைக்குள் வழி தெரியவில்லை.

படிக்கப் பிடிக்கும் என்றால் இதற்கெல்லாம் பெயர்கள் உண்டு. டான் நார்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1988இலேயே கதவுகளைப் பற்றி எழுதினார். இழுக்கச் சொல்கிற கைப்பிடி வைத்துவிட்டுத் தள்ளினால்தான் திறக்கும் என்று இருக்கும் கதவை இன்றைக்கும் டிசைன்காரர்கள் நார்மன் கதவு என்றுதான் சொல்கிறோம். உங்கள் தட்டைப் படம் அசல் நார்மன் கதவு. பார்த்தால் தொடு என்கிறது, தொட்டால் சும்மா இருக்கிறது. படத்தையே லிங்க் ஆக்குங்கள், கூடைக் குறிக்குப் பக்கத்தில் "வாங்க" என்று எழுதுங்கள். எழுத்தில்லாத குறி, அதைப் போட்டவருக்கு மட்டும்தான் தெளிவாகத் தெரியும்.

கூட்டல் கழித்தல் கதைக்கு இன்னும் பழைய விதி. பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இல் சொன்னது: இலக்கு சின்னதாகவும் தூரமாகவும் இருந்தால் கை போய்ச் சேர அதிக நேரமாகும். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல்தன்மை விதிகளில், 2023இல் வந்த 2.2 பதிப்பு, தொடும் இடம் குறைந்தது 24க்கு 24 பிக்சல் வேண்டும் என்கிறது. அதிலேயே மேல்படித் தரம் 44க்கு 44. லோக்கலில் தொங்கிக்கொண்டு தொடும் விரலுக்கு நான் 44க்குக் குறைத்து எதையும் வைப்பதில்லை. அதைவிட எளிது, 250 கிராம், அரைக் கிலோ, ஒரு கிலோ என்று மூன்று பட்டன். கணக்குப் போடும் வேலையை ஏன் வாங்குகிறவரிடம் தள்ளுகிறீர்கள்?

மாமி மாதிரி எத்தனை பேரிடம் காட்ட வேண்டும்? ஐந்து பேர் போதும் என்று, சைட்டுகளைப் பயன்படுத்துவது எளிதா என்று ஆராயும் நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். ஐந்து பேர் தடுக்கி விழுந்த இடங்களைச் சரிசெய்துவிட்டு, இன்னொரு ஐந்து பேரிடம் காட்டச் சொன்னார். ஐந்து வேதவாக்கில்லை. ஆனால் உங்கள் நண்பர்களாக மட்டும் இருக்கக் கூடாது, அவர்கள் "சூப்பர்டா" என்பார்கள்.

இனி ஃபார்ம். எனக்கு ஆற்றாமை அதிகம் வருவது இங்கேதான், கொஞ்சம் நீட்டுவேன்.

உங்கள் ஃபார்ம் பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர் என்று மூன்று கட்டம் கேட்கிறது. மூன்றும் கட்டாயம். இது மராத்திக்காரர், குஜராத்திக்காரர் வழக்கம்: தன் பெயர், அப்பா பெயர், குடும்பப்பெயர். நமக்கு ஏது குடும்பப்பெயர்? எனக்குத் தலைப்பெழுத்து ஒன்றுதான். அதை மூன்றாவது கட்டத்தில் போட்டேன், "குறைந்தது 3 எழுத்து வேண்டும்" என்று சிவப்பில் கத்தியது. இந்த ஊரில் பேங்க், ஸ்கூல், கேஸ் கனெக்ஷன் என்று எல்லா ஃபார்மிலும் இந்த அவஸ்தையைப் பட்டவர்கள்தான் நாம். அப்பா பெயரைக் குடும்பப்பெயராகப் போட்டு, பிள்ளைகளின் சான்றிதழ் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பெயர் வந்து அலைந்த வீடுகள் எங்கள் கட்டடத்திலேயே மூன்று. அப்படிப்பட்ட நாமே நம் கடைக்கு அதே ஃபார்மை வைக்கலாமா? முழுப் பெயருக்கு ஒரே கட்டம், எழுத்து எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது. முடிந்தது.

முகவரி இன்னும் மோசம். "பில்டிங் பெயர்", "ஃபிளாட் எண்" இரண்டும் கட்டாயம். தம்பி, உங்கள் வீட்டு முகவரியை உங்கள் ஃபார்மில் எழுத முடியுமா? கல்லி (சந்து), சால் (ஒட்டிய வரிசை வீடுகள்), ரூம் நம்பர், எந்தக் கோயிலுக்குப் பின்னால் என்பதற்கு அதில் இடமே இல்லை. டெம்ப்ளேட்டில் வந்ததை அப்படியே வைத்திருக்கிறீர்கள். பின்கோடை முதலில் கேளுங்கள். 400071 என்று போட்டதும் "செம்பூருக்கு வெள்ளிக்கிழமை வரும், டெலிவரி 40 ரூபாய்" என்று அங்கேயே சொல்லுங்கள். வராத ஏரியா என்றால் அதையும் அப்போதே சொல்லிவிடலாம், பாவம், பத்துக் கட்டம் நிரப்பிய பிறகு வேண்டாம். அதற்குப் பிறகு முகவரிக்கு ஒரு பெரிய கட்டமும் அடையாளத்துக்கு ஒரு சின்னக் கட்டமும் போதும். டெலிவரி பையன் எப்படியும் போன் செய்துதான் வழி கேட்பான்.

போன் நம்பர் கட்டத்தில் எண் கீபோர்டு வர வேண்டும், கோடில் ஒரே ஒரு சொல் சேர்க்கிற வேலை. நடுவில் இடைவெளி விட்டாலோ முன்னால் பிளஸ் 91 போட்டாலோ "தவறான எண்" என்கிறது உங்கள் சைட். இடைவெளியை நீக்குவது கம்ப்யூட்டருக்கு ஒரு வரி வேலை. தப்பு காட்டும்போது மற்ற கட்டங்களை அழித்துவிடுகிறது, இது மன்னிக்கவே முடியாது. "தவறான உள்ளீடு" என்று எழுதாதீர்கள். "போன் நம்பரில் ஒரு எண் குறைகிறது" என்று அந்தக் கட்டத்துக்குக் கீழேயே சொல்லுங்கள். பாஸ்வேர்டு, இமெயில் இரண்டும் வேண்டாம். ஓடிபி ஒன்று போதும்.

கடைசி பட்டனைத் தட்டியபின் உங்கள் சைட் ஏழெட்டு நொடி கல்லாக நிற்கிறது. ஒரு நொடிக்குள் பதில் வந்தால் மனிதனின் நினைப்பு அறுபடாது, பத்து நொடி தாண்டினால் கவனம் வேறு எங்கோ போய்விடும் என்று நீல்சன் 1993இல் கணக்குச் சொன்னார். பணம் கட்டும் இடத்தில் அந்த நொடிகளில் கவனம் மட்டுமா போகிறது, வயிறும் கலங்குகிறது. நான் பயந்து இரண்டாவது தடவை தட்டிவிட்டேன். தட்டியவுடன் பட்டன் மங்கி "அனுப்புகிறோம், பொறுங்கள்" என்று மாற வேண்டும், மறுதட்டல் ஏற்கக் கூடாது.

தமிழ் எழுத்தைப் பற்றி. தமிழில் சைட் வைத்ததற்கே உங்களைப் பாராட்ட வேண்டும், ஆனால் டெம்ப்ளேட் ஆங்கிலத்துக்குத் தைத்த சட்டை. "ஆட்" என்ற மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லுக்கு அளந்த பட்டனில் "கூடையில் சேர்க்கவும்" என்று திணித்து, கடைசி எழுத்துகள் வெளியே தொங்குகின்றன. "வாங்க" போதும் என்றேனே, அது இதற்கும்தான். வரிகள் ஒன்றோடொன்று முட்டி, மேல் வரியின் கீழ்க்கொம்பு கீழ்வரியின் விசிறியில் இடிக்கிறது. வரி உயரத்தை எழுத்தளவைப் போல் 1.6 மடங்காவது வையுங்கள். சாய்வெழுத்து தமிழுக்கு ஒட்டாது, எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டும் வித்தையும் வேண்டாம். எழுத்துருவுக்கு அலைய வேண்டியதில்லை. இதே மும்பையில் இயங்கும் ஏக் டைப் நிறுவனத்தின் முக்தா மலர், பலூ தம்பி இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலாவது படிக்கும் எழுத்துக்கு, இரண்டாவது தலைப்புக்கு.

முகப்பில் "முறுக்கு" என்ற சொல் டைப் அடிப்பதுபோல ஒவ்வொன்றாக வருகிறதே, கவனித்தீர்களா, நடுவில் புள்ளி வட்டங்கள் தோன்றி மறைகின்றன. நம் கண்ணுக்கு அது நாலு எழுத்து. யூனிகோடுக்கு எட்டுக் குறியீடு: ம, உகரக் குறி, ற, உகரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறி. அந்தச் சின்ன நிரல் குறியீடு குறியீடாகப் பிய்த்துப் போடுகிறது. தனியே நிற்கும் உகரக் குறிக்கு உட்கார எழுத்தில்லாததால் புள்ளி வட்டம். பாதி முறுக்கு உடைந்து வருகிற பாக்கெட் மாதிரி இருக்கிறது. எடுத்துவிடுங்கள்.

இப்போது கலர். விலையை வெள்ளையில் வெளிர்சாம்பலாகப் போட்டிருக்கிறீர்கள், கோடில் 999 என்ற நிற எண்ணுள்ள சாம்பல். பின்னணிக்கும் எழுத்துக்கும் வெளிச்ச வித்தியாசம் 4.5க்கு 1 ஆவது வேண்டும் என்பது விதி. 999க்கு 2.85தான் வருகிறது. பகல் வெயிலில் பிளாட்பாரத்தில் நின்று பார்த்தேன், விலையே இல்லாத கடை மாதிரி இருந்தது. கறுப்பில் போடுங்கள். படங்களுக்கு மாற்று விவரம் எழுதுங்கள், பார்வையற்றவரின் போன் அதைத்தான் வாசித்துக் காட்டும். பக்கத்தின் மொழி தமிழ் என்று கோடில் குறித்தால்தான் அது தமிழாக வாசிக்கும். பெரிய கம்பெனிக்கான விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். கண்ணைச் சிமிட்டினால்தான் கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பு முடியும் என்ற நடைமுறையை எதிர்த்து ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்களும் பார்வையற்றவரும் தொடுத்த வழக்குகளில், டிஜிட்டல் சேவையை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று சொல்லிவிட்டது.

ஒன்றைக் கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. "இப்போது 23 பேர் இந்த முறுக்கைப் பார்க்கிறார்கள்", "இன்னும் 4 நிமிடம் மட்டுமே" என்றெல்லாம் ஓடுகிறதே, உண்மையா? பக்கத்தை மூடித் திறந்தால் மறுபடி 4 நிமிடத்திலிருந்து இறங்குகிறது. பில்லில் "கிஃப்ட் பேக்கிங் 30 ரூபாய்" தானாக டிக் ஆகியிருக்கிறது. டெலிவரிக் கட்டணம் கடைசிப் பக்கத்தில்தான் எட்டிப் பார்க்கிறது. சைட் செய்து கொடுத்தவர் நல்லெண்ணத்தில் சேர்த்திருக்கலாம். ஆனால் வாங்குகிறவரை ஏமாற்றும் இந்த மாதிரி டிசைன்களுக்கு டார்க் பேட்டர்ன் என்று பெயர். ஹாரி பிரிக்னல் என்ற பிரிட்டிஷ் டிசைனர் 2010இல் வைத்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்களில் 13 வகை டார்க் பேட்டர்ன்கள் பட்டியலாகவே உள்ளன. போலி அவசரம், கூடையில் தெரியாமல் சேர்ப்பது, விலையைச் சொட்டுச் சொட்டாகக் காட்டுவது மூன்றும் அதில் இருக்கின்றன. நீங்கள் மூன்றையும் ஒரே பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். சட்டத்தை விடுங்கள், முப்பது வருஷமாக எடைக்கல்லில் கை வைக்காத அப்பாவின் பெயரில் ஓடுகிற கடை அது.

எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் செய்ய முடியாது. இந்த வாரம் நம்பரைத் தொட்டால் டயல் ஆகும்படி மேலே கொண்டுவாருங்கள், பக்கத்தில் வாட்ஸ்அப் பட்டன். படங்களைச் சுருக்குங்கள். அந்த 4 நிமிடக் கவுண்டரையும் கிஃப்ட் பேக்கிங் டிக்கையும் தூக்குங்கள். ஃபார்ம் அடுத்த வாரம். எனக்கும் இந்தப் புத்தி பிறவியில் வந்ததில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு புடவைக் கடைக்கு ஐந்து படங்கள் தானாகச் சுழலும் முகப்பு செய்து கொடுத்தேன். முதலாளிக்கு ஒரே பெருமை. ஆறு மாதம் கழித்து எண்ணிப் பார்த்தால், இரண்டாவது படத்துக்கு மேல் தொட்டவர்கள் கையளவுகூட இல்லை. காசைத் திருப்பிக் கேட்கவில்லை, நல்ல மனிதர்.

மாமி இன்றைக்கும் காலையில் கேட்டார், தட்டை என்ன ஆச்சு என்று. ஒரு கிலோ, காரம் குறைவாக. 400071தான், அடையாளத்தைத் தனியாக அனுப்புகிறேன்.